பனியில் பனை: காக்க வேண்டியது குருத்தை

உறைபனி விழும் ஊர்களில் குளிர் தாங்கும் பனைக் கன்று (நம் ஊர்ப் பனைமரம் இல்லை, அதே குடும்பத்தின் வேறு வகைகள்) வாங்கினால் தொட்டியில் ஒரு சீட்டு தொங்கும். 'மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருக்கும். அதை நம்பி நட்டவர்களில் சிலருக்கு மைனஸ் 9-லேயே மரம் போய்விடுகிறது. வேறொருவர் தோட்டத்தில் அதே வகை மரம் மைனஸ் 15-ஐயும் பார்த்துவிட்டு, வசந்தம் வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் புது ஓலை விடுகிறது. அப்படியானால் சீட்டில் இருந்தது பொய்யா? பொய்யில்லை, பாதிக் கதை. அந்தக் குளிர் எத்தனை மணி நேரம் நின்றது, மரம் நனைந்திருந்ததா, காற்று அடித்ததா, நட்டு எத்தனை வருடம் ஆயிற்று, அதற்கு முந்தைய வாரம் வெயில் காய்ந்ததா என்பதெல்லாம் மீதிக் கதை.

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் பேச்சு துணியில்தான் தொடங்கும். எந்தத் துணி, எத்தனை சுற்று, எப்போது கழற்றுவது என்று போகும். எனக்கென்னவோ மரத்தின் உள்ளேயிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. எதைக் காக்கிறோம் என்று தெரிந்துவிட்டால், எப்படிக் காப்பது என்பது பாதிக்குமேல் தானாகவே விளங்கிவிடும்.

ஆப்பிள், ரோஜா போன்றவற்றின் நுனி பனியில் கருகினால் கீழே ஏதாவது ஒரு கணுவிலிருந்து துளிர்த்துக்கொள்ளும். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் காயத்தையும் மெல்ல மூடிவிடும். பனைக் குடும்பத்துக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அது ஒருவித்திலைத் தாவரம். உறவு என்று பார்த்தால் ஆப்பிளைவிடப் புல்தான் அதற்கு நெருக்கம். தண்டுக்குள் நார்க்கற்றைகள் சிதறிக் கிடக்கும். காயம் பட்டால் ஆறாது, வடு மரம் உள்ளவரை அப்படியே இருக்கும். தனித்தண்டுப் பனையில் உயிர் முழுவதும் உச்சியில், மட்டைகளின் அடிப்பகுதிகளுக்கு நடுவே புதைந்திருக்கும் ஒரே ஒரு வளர்முனையில் இருக்கிறது. குருத்தோலை கிளம்புவதும் அங்கிருந்துதான். அந்த முனை செத்தால் மரம் செத்ததுதான். ஓலைகள் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், விஷயம் இன்னும் அவற்றின் காதுக்கு எட்டவில்லை என்பதுபோல.

இந்த அமைப்பில் ஒரு நன்மையும் உண்டு. ஓலை மெல்லியது, காற்றின் குளிர் அதைச் சீக்கிரமே பிடித்துவிடும். வளர்முனையோ மட்டை, பன்னாடை என்று பல அடுக்குக்குள் இருப்பதால் குளிர் உள்ளே போய்ச் சேர நேரம் பிடிக்கும். விடியற்காலை மூன்று மணி நேரம் மட்டும் மைனஸ் 10 தொட்டு, பகலில் வெயில் காயும் நாளை மரம் பொறுத்துக்கொள்ளும். பகலிலும் சுழியத்துக்கு மேலே ஏறாமல் மூன்று நாள் மைனஸ் 6-லேயே நின்றால் குளிர் நிதானமாக உள்ளே இறங்கி மையத்தைத் தொட்டுவிடும். எண்ணில் சின்னதாகத் தெரியும் இரண்டாவதுதான் ஆபத்தானது.

உறைபனி கொல்லும் விதமும் கொஞ்சம் விநோதமானது. ஐஸ் முதலில் செல்லுக்குள்ளே உருவாவதில்லை, செல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் உருவாகிறது. உருவான ஐஸ் பக்கத்துச் செல்லிலிருந்து நீரை உறிஞ்சும், செல் சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் சுருங்கினால் அதன் சவ்வு கிழிந்துவிடும். அதாவது உறைந்து செத்த ஓலை பாதிக்குமேல் வறண்டு செத்த ஓலை. இலையுதிர் காலத்தில் குளிர் படிப்படியாக ஏறினால் மரம் செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்த்துத் தன்னைத் தயார்செய்துகொள்ளும். அந்த அவகாசம் கிடைக்காமல் குளிர்காலத் தொடக்கத்திலேயே திடீரென்று அடிக்கும் குளிர், நடுக்குளிர்காலத்தின் அதே குளிரைவிட அதிகச் சேதம் செய்வது இதனால்தான். இலையுதிர் காலக் கடைசியில் தழைச்சத்து உரம் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. தூங்கப்போகிற மரத்தைத் தட்டி எழுப்பி இளம் ஓலை விடச் சொல்வது மாதிரி அது.

தண்டுக்குள்ளும் சேதம் நடக்கலாம். நீர் ஏற்றும் குழாய்கள் உறைந்து பழுதானால் மரம் வெளியே நன்றாகவே தெரியும். வசந்தத்தில் ஓர் ஓலைகூட விடும். முதல் கடும் வெயிலில், தண்ணீர் தேவை கூடும்போது, திடீரென்று சாயும். 'குளிரில் பிழைத்தது, கோடையில் எப்படிச் செத்தது?' என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஈரத்துக்கு. உச்சியில், மட்டைகளின் இடுக்கில் மழைநீரோ உருகிய பனியோ தேங்கும். இரவில் உறைந்து விரியும், பகலில் உருகும், மறுபடி உறையும். திசு நைந்துபோன இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறும். அடித்த குளிரைவிட, அதற்குப் பின்வரும் இரண்டு மூன்று வாரத்து நசநசப்பில் அழுகிச் சாகும் பனைகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா இதற்கு நல்ல சாட்சி. கலிஃபோர்னியா, அரிசோனா பாலைவனச் சோலைகளில் இயற்கையாக வளரும் மரம் அது. வறண்ட காற்றில் மைனஸ் 9 வரைகூடச் சமாளிக்கும். மழையும் குளிரும் சேர்ந்து வரும் ஊரில் அதைவிட லேசான குளிரிலேயே உச்சி அழுகிப்போகும்.

எந்த வகை, எவ்வளவு?

எல்லாவற்றிலும் திடமானது அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் ஊசிப் பனை, ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ். நன்கு வேர்பிடித்தது மைனஸ் 20 வரை தாங்கும். பல தண்டுகள் விடுவதால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் ஆமை வேகம். உயரமாக நிற்கும் மரத்தை எதிர்பார்த்து இதை நடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அடுத்தது சபால் மைனர் என்ற குட்டைப் பனை. இதன் தண்டு மண்ணுக்கு அடியிலேயே இருப்பதால் வளர்முனைக்குப் பூமியே போர்வை. ஓலை அத்தனையும் கருகினாலும் மறுபடி கிளம்பிவிடும்.

பலரும் ஆசைப்படுவது டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி, அதாவது சூசான் பனை. தண்டு உயர்ந்து, உச்சியில் விசிறி ஓலைகளோடு நிற்கும். மைனஸ் 15 என்று சீட்டில் இருப்பது பெரும்பாலும் இதன் கழுத்தில்தான். பெயரில் உள்ள ஃபார்ச்சூன், சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கடத்திவந்த அதே ராபர்ட் ஃபார்ச்சூன். 1840-களில் சீனாவின் சூசான் தீவில் இந்த மரத்தைப் பார்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். இதன் பன்னாடை நாரில் சீனாவில் மழைக்கு உடுத்தும் மேலங்கி செய்வார்கள். மரமும் அதே நாரைத்தான் உடுத்திக்கொண்டு நிற்கிறது. தண்டு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்த நாரைச் சிலர் உரித்துவிடுகிறார்கள். குளிர் ஊரில் இதைச் செய்வது, சட்டையைக் கழற்றிவிட்டுப் பிறகு போர்வை தேடுவதற்குச் சமம். இன்னொரு வேடிக்கை: இதே மரம் சுவிட்சர்லாந்தின் தெற்கில், டிசினோ பகுதிக் காடுகளில் தானாகவே பரவி, உள்ளூர்த் தாவரங்களை நெருக்கத் தொடங்கிவிட்டது. 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டில் இதை விற்கத் தடை. ஓரிடத்தில் போர்த்திக் காக்கிற மரம் இன்னோரிடத்தில் களை.

மத்தியதரைக்கடல் விசிறிப் பனையான கமெரோப்ஸ் ஹியூமிலிஸ் மைனஸ் 10-ஐ ஒட்டித் தடுமாறும். இத்தாலியின் படுவா தாவரவியல் தோட்டத்தில் 1585-ல் நட்ட ஒரு மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1786-ல் ஜெர்மன் கவிஞர் கோதே அதைப் பார்த்துச் சிந்தித்ததால் 'கோதே பனை' என்றே அதற்குப் பெயர். ஆனால் நானூறு வருட ஆயுளில் ஒரு ரகசியம் உண்டு. அதற்கென்றே எண்கோணத்தில் ஒரு கண்ணாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் குளிர்மண்டல வரைபடத்தைப் பார்த்து மரம் தேர்ந்தெடுப்பது வழக்கம். 2023-ல் வந்த வரைபடம் 1991 முதல் 2020 வரையான பதிவுகளை வைத்துப் போட்டது. அதில் உள்ள எண், ஒவ்வொரு வருடத்தின் மிகக் குளிரான இரவையும் எடுத்துப் போட்ட சராசரி. சராசரி என்றால் பல வருடங்களில் அதற்கும் கீழே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். மரம் சாவது சராசரி வருடத்தில் இல்லை, விதிவிலக்கான வருடத்தில். எனவே ஊரின் சராசரியோடு அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையையும் தேடிப் பார்த்துவிடுங்கள்.

போர்வை சூடு தராது

குளிர் இரண்டு விதமாக வரும். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் பூமி பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டி உறைபனி படியும். இந்த மாதிரி இரவில் ஒரு துணி போதும், மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்துவைத்து இரண்டு மூன்று டிகிரி மிச்சம் பண்ணிக் கொடுக்கும். ஆனால் துணி தரைவரை இறங்க வேண்டும். உச்சியை மட்டும் மூடித் தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால், மண்ணின் சூடு உள்ளே நுழைய வழியே இல்லை.

இரண்டாவது, துருவப் பக்கமிருந்து குளிர்க்காற்றே படையெடுத்து வருவது. இரவு பகல் பார்க்காமல் நாள்கணக்கில் அடிக்கும். இங்கே போர்வையின் பலம் சீக்கிரமே தீர்ந்துவிடும். காரணம் எளிது: நமக்குப் போர்வை கதகதப்பாக இருப்பது நம் உடம்பு சூடு உண்டாக்குவதால். பனைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி உடம்புச் சூடு இல்லை. எத்தனை சுற்று சுற்றினாலும் இரண்டு நாளில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராகிவிடும். வெளியிலிருந்து கொஞ்சம் சூடு கொடுத்தே ஆக வேண்டும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்தது இதுதான். சான் அன்டோனியோவில் மைனஸ் 13 அளவுக்கு இறங்கியது. உயரமாக வளர்ந்து நின்ற வாஷிங்டோனியா ரோபஸ்டா மரங்கள் ஏராளமாகச் செத்தன. அதே தெருக்களில் டெக்சாஸின் சொந்த மரமான சபால் மெக்சிகானா பெரும்பாலும் பிழைத்தது. அதே வாரத்தில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் மின்சாரமும் போய்விட்டது. மரத்துக்குச் சூடேற்றும் கம்பி சுற்றி நிம்மதியாக இருந்தவர்களுக்கும், வேண்டிய நேரத்தில் கரண்ட் இல்லை. கடும் புயலும் மின்வெட்டும் சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொண்டுதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சூடு கொடுக்கப் பழைய பாணி இழை பல்புச் சரங்கள் நல்லவை. எல்இடி உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு மிகக் குறைவு. 7 வாட் பல்பு 25 கொண்ட சரம் என்றால் 175 வாட். பத்து மணி நேர இரவுக்கு ஒன்றே முக்கால் யூனிட். வளர்முனை இருக்கும் உச்சியைச் சுற்றித்தான் பெரும்பகுதியும் இருக்க வேண்டும், தண்டுக்கு மிச்சம். 2 டிகிரியில் எரிந்து 7 டிகிரியில் அணையும் தெர்மோஸ்டாட் ஒன்றை நடுவே மாட்டிவிட வேண்டும். உள்ளே 15 டிகிரி இருந்தால் மரத்துக்கு நல்லது என்று நினைத்து இரவு பகலாக எரியவிடுபவர்கள், சேர்த்துவைத்த குளிர்தாங்கும் சக்தியை மரத்திடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். மைனஸ் 15 வரை பழகிய மரத்துக்கு மைனஸ் 3 சுகமானதுதான், கதகதப்பு கேட்பதில்லை. காய்ந்த சருகோ வைக்கோலோ பல்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பில் மின்கசிவுத் தடுப்பான் இல்லாமல் ஈரத்தில் கம்பி இழுக்கவே வேண்டாம்.

கரண்ட் இல்லாத வழி ஒன்றும் உண்டு. போர்வைக்குள், தண்டின் அடியில், 20 லிட்டர் தண்ணீரை வாளியில் வைத்துவிடுவது. நீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளியே விடும். 20 லிட்டரும் முழுதாக உறைந்தால் கிட்டத்தட்ட 1.85 யூனிட். மேலே சொன்ன பல்புச் சரம் ஓர் இரவு முழுக்கக் கொடுப்பதும் அவ்வளவுதான். பல்பைப்போல உச்சியருகே கிடைக்காது, மெதுவாகத்தான் வரும். ஆனாலும் மின்வாரியத்தை நம்பாத சூடு.

கட்டும் விதம்

முதலில் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் வெளி ஓலைகளை மெல்ல அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் அகலமான துணிப்பட்டையைக் கீழிருந்து மேலே சுருளாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மெல்லிய கயிறு மட்டையை அறுத்துவிடும். மதிய வெயிலில், ஓலை வளையும் நேரத்தில் செய்யுங்கள். உறைந்திருக்கும் ஓலை கண்ணாடி மாதிரி, தொட்டாலே ஒடியும். ஓலையில் ஒட்டிய பனியையும் அடித்து உதிர்க்க வேண்டாம். ஈரமில்லாத, லேசான வெண்பனியாக இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று நல்ல போர்வை. கனத்த ஈரப்பனிதான் மட்டையை முறிக்கும்.

அப்புறம் துணி. மூச்சு விடும் உறைபனித் துணி இரண்டு மூன்று அடுக்கு போதும். பிளாஸ்டிக்கை நேராக ஓலைமேல் சுற்றவே கூடாது. உள்ளே வியர்த்து, பகல் வெயிலில் வெந்து, இரவில் அந்த ஈரமே உறையும். பிளாஸ்டிக்குக்கு உரிய இடம் எல்லாவற்றுக்கும் மேலே, குடை மாதிரி, பக்கங்கள் திறந்து. கடுங்குளிர் இல்லாத, ஆனால் மழை ஓயாத ஊர்களில் இந்தக் குடை ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். சிறிய கன்றுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு அமைத்து உள்ளே காய்ந்த சருகைக் கொட்டி, மேலே நனையாமல் மூடலாம். சருகு நனைந்தால் அதுவே அழுகலுக்கு விதை.

போர்த்திவிட்டு மார்ச் வரை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பகலில் 5 டிகிரிக்கு மேல் போகும் நாள்களில் அவிழ்த்து, காற்றாடவிட்டு, குளிர் திரும்பும்போது மறுபடி கட்ட வேண்டும். சலிப்பான வேலைதான். இதைச் செய்ய முடியாதவர்கள் ஊசிப் பனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மண்ணுக்கு வருவோம். அடியில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மூடாக்கு போட்டால் வேர் மண்டலம் உறைவது தாமதமாகும். மண் உறைந்துகிடக்க, மேலே வெயிலும் காற்றும் அடித்தால் ஓலை நீரை இழந்துகொண்டே இருக்கும், வேரால் ஈடுகட்ட முடியாது. ஆகவே குளிர் அலை வருவதற்கு முன்பே, மண் காய்ந்திருந்தால், ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடலாம். நீர் தேங்கும் களிமண்ணில் நட்டிருந்தால் எந்தப் போர்வையும் முழுப் பலன் தராது. நடும்போதே மேடாக்கி வடிகால் பார்த்திருக்க வேண்டும். நடுவதற்கு ஏற்ற காலம் வசந்தமோ கோடைத் தொடக்கமோதான், பனை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். தொட்டியில் இருப்பவற்றுக்குச் சீட்டில் உள்ள எண் பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் வேர்ப்பந்தை நாலு பக்கமும் குளிர் சூழ்ந்துகொள்கிறது. சூடேற்றாத, வெளிச்சமுள்ள ஓர் அறைக்குள் தூக்கிவைத்துவிடுங்கள்.

குளிர் போன பிறகு

ஓலைகள் பழுப்பாகிப் பார்க்கவே சகிக்காமல் நிற்கும். உடனே அரிவாளை எடுக்க வேண்டாம். கொஞ்சமாவது பச்சை மிச்சமிருக்கும் ஓலை மரத்துக்கு இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. செத்த ஓலைகூட அடுத்த உறைபனிக்கு ஒரு மறைப்பு. உறைபனி அபாயம் முழுதாக நீங்கிய பிறகு வெட்டலாம்.

முதலில் பார்க்க வேண்டியது நடுவில் விரியாமல் நிற்கும் குருத்தோலையை. இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுங்கள். அசையாமல் நின்றால் நிம்மதி. சரக்கென்று கையோடு வந்துவிட்டால், அதன் அடி முனையைப் பாருங்கள். பழுப்பாகக் கூழாகி, புளித்த நாற்றம் அடிக்கும். பலர் இந்த இடத்தில் மரத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். அழுகல் குருத்தோலையின் அடியோடு நின்று, அதற்கும் கீழே உள்ள வளர்முனை தப்பியிருக்க வாய்ப்புண்டு. குழியைச் சுத்தம் செய்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரை அடங்கவிடுங்கள். பிறகு செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி, ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம், செம்பு அதிகமானால் அதுவே மரத்துக்கு விஷம். அதன்பின் மழை இறங்காமல் மேலே ஒரு மறைப்பு.

குருத்தோலை நின்றுகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வளர்கிறதா என்று தெரியவில்லை என்றால், அழியாத மை பேனாவால் அதன் மேலும் பக்கத்து மட்டையின் மேலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். இரவுக் குளிர் விலகியபின் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்க்கும்போது, குருத்தோலையில் உள்ள கோடு மட்டையின் கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தாலும் முனை உயிரோடு இருக்கிறது. அடுத்து வரும் சில ஓலைகள் நுனி வெட்டுப்பட்டு, கசங்கி, பழுப்புப் பட்டையோடு வரும். அவை அந்தக் குளிரின்போது உள்ளே விரியாமல் இருந்தவை. கோடு நகரவில்லை என்றாலும் கோடை பாதி கடக்கும்வரை மரத்தைத் தோண்டாதீர்கள். குருத்து உருவிப்போன சூசான் பனைகள் மாதங்கள் கழித்து, மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கோணலாக ஒரு ஓலையை நீட்டுவது உண்டு.